எழுபத்திரண்டில் ஒரு பங்கு



இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டெல்ஃபர்டு என்றோர் ஊர் உண்டு. பாலங்களும் சாலைகளும் கால்வாய்களும் அமைத்துப் புகழ்பெற்ற தாமஸ் டெல்ஃபர்டு என்னும் பொறியியல் வல்லுநரின் பெயரை 1968-இல் அதற்குச் சூட்டினர். ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் ஒரு சனியும் ஞாயிறும் அங்கே மாதிரியுருச் செய்வோரின் மாநாடு கூடுகிறது. விமானம், கப்பல், ஊர்தி ஆகியவற்றை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்பவர்கள் பல நாடுகளிலிருந்தும் அங்கு வருகின்றனர். 1963-இல் பிரிட்டனில் தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவிய பிளாஸ்டிக் மாதிரியுருவாளர் சங்கம் அதனை நடத்துகிறது. பர்மிங்காமில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, 2023-ஆம் ஆண்டு மாநாட்டை இரு நாளும் சென்று காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

மாநாடு என்றவுடன் மேடை, தலைமையுரை, மாலை மரியாதை என்று நமக்குத் தோன்றும். அங்கே நான் கண்டவை மேசைகள். மண்டபம் மண்டபமாக, வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் விரல் நீளமும் முழ நீளமும் உள்ள பொருள்கள். பின்னால் அவற்றைச் செய்தவர் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பார். பெரும்பாலோர் நடுவயது கடந்தவர்கள். யாரும் எதையும் வற்புறுத்திக் காட்டுவதில்லை. நாம் குனிந்து பார்த்தால் போதும், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்கிவிடுவார்கள்; பிறகு நிறுத்துவதுதான் கடினம்.

இக்கலையின் உயிர் அளவு விகிதம். மிகவும் வழங்குவது எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறடி மனிதன் அதில் ஓர் அங்குலம் ஆகிறான். அடியும் அங்குலமுமாக அளந்த மக்களுக்கு அது எளிய கணக்கு. ஆனால் நீளம் 72 மடங்கு குறையும்போது பரப்பு 5,184 மடங்கும், கன அளவு 3,73,248 மடங்கும் குறைகின்றன. வகுப்பில் இவ்வுண்மையைக் கரும்பலகையில் எழுதினால் மாணவர் கொட்டாவி விடுவர். அங்கே அதைக் கையில் ஏந்திப் பார்க்கலாம்.

இனி ஒரு விந்தை. எல்லாவற்றையும் 72-ஆல் வகுத்துவிட்டால் மாதிரி உண்மையாகிவிடும் என்று நாம் நினைப்போம். ஆகாது. விமானத்தின் உலோகத் தோல் ஒரு மில்லிமீட்டர் கனம் என்று கொண்டால், மாதிரியில் அது 0.014 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அத்தனை மெல்லிய பிளாஸ்டிக்கில் விமானம் செய்ய முடியாது. தகடுகள் சேருமிடத்தைக் காட்ட 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கோடு கீறினாலும், உண்மை விமானத்தில் அது 14 மில்லிமீட்டர்ப் பிளவாக வாய் திறந்து நிற்கும். வண்ணத்திலும் இதே சங்கடம். நாம் ஓரடித் தொலைவில் வைத்துப் பார்க்கும் மாதிரி, மெய்யான விமானத்தை 72 அடிக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். இடையிலுள்ள காற்று நிறத்தைச் சற்று வெளிறச் செய்வதால், தொழிற்சாலையில் பூசிய அதே வண்ணத்தை மாதிரியில் பூசினால் அது கருத்துத் தோன்றும் என்பர். ஆகவே பலர் சிறிது வெண்மை கலந்து பூசுகின்றனர். வேண்டாம், மூல வண்ணமே சரி என்பாரும் உண்டு. இவ்வழக்கை இரு முதியவர்கள் என் முன்னால் அரைமணி நேரம் வாதாடினர். இருவரும் தோற்கவில்லை.

எதை உள்ளபடி காட்டுவது, எதை விட்டுவிடுவது என்பதே இங்கு முதற் கேள்வி. பட்டி தடவுவதும், உப்புத்தாளால் தேய்ப்பதும், சாமணத்தால் மயிரிழைக் கம்பியைப் பொருத்துவதும் பழக்கத்தால் வரும். அந்தக் கேள்விக்கு விடை பழக்கத்தால் மட்டும் வருவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் இரவில் சென்று குண்டு வீசிய லங்காஸ்டர் விமானத்தை ஒருவர் செய்து வைத்திருந்தார். மெய்யான விமானத்தின் சிறகு அகலம் 102 அடி. மாதிரியில் சரியாகப் பதினேழு அங்குலம். உள்ளே எழுவரையும் அமர்த்தியிருந்தார். வால் முனைக் கூண்டில் துப்பாக்கி பிடித்து ஒடுங்கியிருந்த உருவம் அவருடைய தாய்மாமனாம், போனவர் திரும்பவில்லை. அப்படையில் மாண்டோர் 55,573 பேர். இறந்த வீரர்களை நினைந்து அந்நாட்டார் செந்நிறப் பாப்பிப் பூவை மார்பில் அணியும் நாள்கள் அவை, அவரும் அணிந்திருந்தார். மூடிய உடலுக்குள் யார் கண்ணுக்கும் தெரியாத நால்வர் எதற்கு என்று கேட்டேன். அவர்களும் போனார்கள் அல்லவா என்றார்.

அவருடைய அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒன்று சொல்லாமல் இருக்க இயலவில்லை. கண்ணுக்குத் தெரியாத நால்வருக்கு இடம் கொடுத்த அம்மேசையில், விமானத்தின் அடியில் எரிந்த ஊருக்கு இடம் இல்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் பல்லாயிரவர் தீயில் மாண்டனர். அடுத்த மேசையில் இருந்த ஜெர்மானிய விமானங்களுக்கும் அதே நிலைதான். அவை எரித்த ஊர்களும் அங்கே இல்லை. அவ்வளவு துல்லியமான கைகள் இதனை விட்டுவிடுவது என் மனத்துக்கு ஒப்பவில்லை. நல்லவேளையாக, இடிந்த தெருவொன்றை, ஓடும் செங்கல்லும் சிதறிக் கிடக்க, போர்க்கருவி எதுவுமின்றி ஒருவர் செய்திருந்தார். அங்கே கூட்டம் குறைவு. நான் அங்குதான் நெடுநேரம் நின்றேன்.

ஆசிரியர் என்ற முறையில் என்னை வாட்டிய எண்ணம் வேறு. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பகை விமானத்தையும் நட்பு விமானத்தையும் வானில் பிரித்தறியப் பயிற்சி தருவதற்காக, பள்ளி மாணவர்களைக் கொண்டே மரத்தில் விமான மாதிரிகளைச் செய்வித்தது. அளவு அதே எழுபத்திரண்டில் ஒரு பங்கு. மாதிரியை 35 அடித் தொலைவில் பிடித்தால், ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் விமானத்தின் தோற்றம் கிடைத்துவிடும். நோக்கம் போர் என்றாலும், அம்மாணவரின் கைவேலை அளவுக்குக் கட்டுப்பட்டிருந்தது. நம் பள்ளிக் கண்காட்சிகளிலோ, தெர்மோகோல் அணையின் மேல் அணையைவிட உயர்ந்த மாடு மேய்கிறது. அளவு குறிக்காத நிலப்படத்துக்கு மதிப்பெண் குறைக்கும் நாம், அளவே இல்லாத மாதிரிக்குப் பரிசு தருகிறோம். பெட்டி வாங்கப் பணம் வேண்டியதில்லை. அட்டையும் கத்தரிக்கோலும் அளவுகோலும் இருந்தால், தன் வகுப்பறையையே ஐம்பதில் ஒரு பங்காக ஒரு பையன் செய்துவிடலாம். கணக்கில் பின்தங்கியவன் என்று நாம் ஒதுக்கிய பையனாகவே அவன் இருக்கவும் கூடும்.

மாதிரி செய்வது வெறும் பொழுதுபோக்கு என்பாருக்குக் காட்ட, அம்மண்டபத்திலிருந்து சில மைல் தொலைவிலேயே ஒரு சான்று உண்டு. செவர்ன் ஆற்றின் மேல் 1779-இல் எழுந்த வார்ப்பிரும்புப் பாலம் அது. ஏறத்தாழ நூறடி இடைவெளியை ஒரே வளைவில் தாண்டி நிற்கிறது. அத்தகைய பெரும் பாலங்களுள் உலகிலேயே முதலாவது. அத்தனை பெரிய வார்ப்புகளை ஆற்றின் மேல் எவ்வாறு தூக்கி நிறுத்தினர் என்பது இரு நூற்றாண்டுகளாகத் தெளிவாகவில்லை. எலியாஸ் மார்ட்டின் என்ற ஸ்வீடன் நாட்டு ஓவியர், பாலம் எழும்போதே நேரில் கண்டு தீட்டிய நீர்வண்ணப் படமொன்று 1997-இல் ஸ்டாக்ஹோமில் வெளிப்பட்டது. அதில் மரச் சாரமும், பாதி எழுந்த வளைவும் காணப்பட்டன. படம் சொல்வது நடக்கக்கூடியதா? அறிஞர்கள் அதை ஏட்டில் வாதாடி முடிக்கவில்லை. பாலத்தின் ஒரு பகுதியைச் சரிபாதி அளவில் செய்து, படத்தில் கண்டபடியே சாரம் கட்டி, கயிறு கொண்டு தூக்கிப் பார்த்தார்கள். வளைவு நின்றது.