எல்லாம் சைனஸ்தானா?
(சேதராப்பட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நாம் பேச வந்த விஷயம் மூக்கு. சிரிக்காதீர்கள். இக்கூட்டத்திலேயே நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சும் சப்தம் மேடை வரையில் கேட்கிறது. என்ன வியாதி என்றால் வாலிபர்கள் சைனஸ் என்கிறீர்கள். பெரியவர்கள் நீர்க்கோவை என்கிறார்கள். வைத்தியர் பீனிசம் என்கிறார். ஆனால் எல்லோருக்கும் உள்ளே இருப்பது ஒரே வியாதிதானா என்று யாராவது கேட்டதுண்டா?

நாமும் கேட்காமல் பதினொரு வருஷம் கழித்தவர்தாம். விடிந்தால் அடுக்கடுக்காய்த் தும்மல். மூக்கில் தண்ணீராய் ஒழுகும். கண்ணும் அண்ணமும் அரிக்கும். பத்து மணிக்கு மேல் ஒன்றுமிருக்காது. நாமே அதற்குச் சைனஸ் என்று பெயர் வைத்து, கடையில் கிருமிக்கொல்லி மாத்திரைகளாக வாங்கி விழுங்கினோம். கடைசியில் ஒரு டாக்டரம்மாள், “எங்கே தும்முகிறீர்கள், எப்பொழுது தும்முகிறீர்கள்?” என்று கேட்ட பிறகுதான், நமது பழைய தலையணையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிதான் காரணம் என்பது விளங்கிற்று. கிருமியே இல்லாத இடத்தில் கிருமிக்கொல்லி எதைக் கொல்லும்? நமது பணத்தைத்தான் கொன்றது.

ஒவ்வாமை என்பது, தீங்கற்ற தூசியையும் மகரந்தத்தையும் உடம்பு விரோதியென்று கருதிச் சண்டைக்குப் போவதாகும். அதனால்தான் அரிப்பும், தும்மலும், தெளிந்த நீரும், கண் சிவப்பும் வருகின்றன. சைனஸ் என்பதோ வியாதியின் பெயரே அல்ல. கன்னத்திலும், நெற்றியிலும், கண்களுக்கு நடுவிலும் எலும்புக்குள்ளிருக்கும் காற்றறைகளுக்கே அந்தப் பெயர். அவற்றின் வாசல் மூக்குக்குள் திறக்கிறது. சவ்வு வீங்கி அவ்வாசல் அடைபட்டு நீடித்தால், மூக்கடைப்பு, தொண்டைக்குள் இறங்கும் கெட்டிச் சளி, முகத்தில் பாரம், வாசனை தெரியாமை ஆகியவை வரும். தெருவே கருவாட்டு வாசனையில் மணக்க, உங்களுக்கு மட்டும் தெரியவில்லையா? அடைப்பாவது சளியாவது இருந்து, கூடவே மற்றொன்றும் சேர்ந்து 12 வாரம் விடாமலிருந்தால் நாள்பட்ட சைனஸ் அழற்சியென்று சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டுந்தான்! மூக்குக்குள் குழல் விட்டுப் பார்த்தோ, சி.டி. படம் எடுத்தோதான் முடிவு சொல்ல வேண்டும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதுமுண்டு. வெறும் தலைவலியை வைத்துக்கொண்டு சைனஸ் என்பவர்களில் அநேகருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலியே.

காரணம் கண்டுபிடிப்பது எப்படியென்பதற்கு ஓர் உதாரணம். 1819-இல் ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கில டாக்டர், கோடையில் தமக்கு வரும் தும்மலைப் பற்றி எழுதி, வெயிலே காரணம் என்று நினைத்தார். மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி அதை நம்பிவிடவில்லை. அவருக்கும் அதே தொல்லை. வெயிலையும், தூசியையும், பூவின் மகரந்தத்தையும் தனித்தனியே தம் மூக்கிலும் உடம்பிலுமே சோதித்து, மகரந்தந்தான் குற்றவாளி என்று 1873-இல் புத்தகமாகவே வெளியிட்டார். சனியின் பார்வை என்று ஜாதகத்தைப் புரட்டவில்லை.

நீங்களும் அப்படிச் செய்யலாம். இங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தோழர்கள், விடுமுறை நாளில் மூக்கு எப்படி இருக்கிறது, ஆலைக்குள் நுழைந்ததும் எப்படி ஆகிறது என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். அடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடராதீர்கள். பிறகு அதுவே அடைக்கும். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவோர் கொதித்து ஆறிய நீரையே கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையின் ஒரு மூக்கில் மட்டும் நாற்றச்சளி வந்தால் திருஷ்டி என்று கயிறு கட்டாதீர்கள். உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கக்கூடும். பெரியவர்களுக்கானால் மேல்பல் வேர் சொத்தையாயிருக்கலாம், வேறு கட்டியாகவுமிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அடைப்போ இரத்தமோ கண்டால் தாமதிக்கக் கூடாது. கண் வீங்கினாலும், பார்வை மங்கினாலும் அன்றைக்கே ஓட வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். 2021-இல் கொரோனாவுக்குப் பின் கரும்பூஞ்சை எத்தனை பேரின் கண்ணை வாங்கிற்று என்பதை இந்த நாடே பார்த்தது.

கோரிமேட்டு ஜிப்மர் இங்கிருந்து தூரமில்லை. காது மூக்கு தொண்டைப் பிரிவு அங்கே இருக்கிறது. போகும்போது அந்த ஒரு மாதக் குறிப்பை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.