பழைய காரின் பட்டைவில்



திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் பெருவழி இன்று அகன்று சீராக அமைந்துள்ளது. அதில் காரில் செல்வோர் குலுக்கலை மிகுதியாக அறியார். ஆனால் விக்கிரவாண்டிப் பக்கம் அதனை விட்டு ஒரு சிற்றூர்ச் சாலையில் திரும்பினால், பள்ளமும் வேகத்தடையும் வண்டியைச் சோதிக்கத் தொடங்கும். பழைய காராயின் பின்புறத்திலிருந்து 'டக், டக்' என்று ஓர் ஒலி எழும். அவ்வொலி எதனால் எழுகிறது, வீட்டு முற்றத்திலேயே அதனை நீக்குவது எவ்வாறு, அவ்வேலையில் நாம் எங்கே நின்றுவிட வேண்டும் என்பனவற்றை இன்று காண்போம்.

நமக்கு எடுத்துக்காட்டாக அம்பாசிடர் காரைக் கொள்வோம். இங்கிலாந்து நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1957 முதல் 2014 வரை இதனைச் செய்துவந்தனர். புதிய வண்டி வருவது நின்றுவிட்டது. எனினும் நன்கு பேணப்பட்ட பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

நம் முன்னோர் காலத்தில் பாரம் ஏற்றும் கட்டைவண்டி வேறு. ஆள் ஏறிச் செல்லும் வில்வண்டி வேறு. கட்டைவண்டியில் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால் அந்த அதிர்ச்சி முழுவதும் ஏறியிருப்பவரைத் தாக்கும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் அவ்வதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அம்பாசிடரின் பின்னச்சின்மேல் வண்டியைத் தாங்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்த பட்டைவில்லே. பட்டறைகளில் இதனைக் 'கட்டு' என்றும் 'பட்டை' என்றும் வழங்குவர்.

இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஓர் எல்லைவரை, எடையை இருமடங்காக்கினால் வில்லின் நெகிழ்ச்சியும் இருமடங்காகும். எடையை நீக்கினால் வில் பழைய நிலையை அடையும். பட்டைவில்லுக்கும் இது பொருந்தும். ஆனால் வளைந்த பட்டை பாரத்தால் தட்டையாகும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம் கூடுமன்றோ? ஆகவே முன்முனையைச் சட்டத்தில் பொருத்தி, பின்முனையை 'சாக்கிள்' என்னும் சிறு இணைப்பில் ஊஞ்சல்போல் ஆடவிட்டிருக்கின்றனர். இரு முனைகளிலும் இரும்பும் இரும்பும் மோதாதவாறு ரப்பர் புஷ்கள் இடையே அமர்ந்துள்ளன.

வெப்பத்தாலும் எண்ணெய்க் கசிவாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ரப்பர் வெடித்து நொறுங்குகிறது. இடைவெளி தோன்றுகிறது. இரும்பு இரும்பைத் தட்டுகிறது. நாம் கேட்ட ஒலி அதுவே. ரப்பர் தேய்வது குறைபாடன்று. வில்லும் சட்டமும் தேயாதிருக்கவே அது தேய்கிறது. தேய்ந்ததை மாற்றாது விட்டால் போல்ட்டின் துளை நீள்வட்டமாகிவிடும். பின்னச்சு தன் இடத்தில் நிலையாக நில்லாது. பெருவழியில் விரைந்து செல்லும்போது அத்தகைய வண்டி ஒருபக்கமாக இழுக்கும். சில ரூபாய்ப் பொருளைப் புறக்கணித்ததன் விளைவு உயிரைத் தொடக்கூடும்.

புஷ்ஷை மாற்றும் முறையைக் காண்போம். வண்டியைக் கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு புறமும் மரக்கட்டைகளை அண்டக் கொடுக்க வேண்டும். கைப் பிரேக்கைப் போட்டு, கியரிலும் விட்டுவிட்டோமே, போதாதா என்று கேட்கலாம். இவ்வண்டியில் அவ்விரண்டும் பின் சக்கரங்களின் வழியாகவே வேலை செய்கின்றன. பின் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தபின் அவற்றால் வண்டியைப் பிடித்து நிறுத்த இயலாது. காரணம் அறிந்தவன் மரக்கட்டையை மறவான்.

அடுத்து, ஜாக்கியால் வண்டியைத் தூக்கியதும் சட்டத்தின் அடியில் இருபுறமும் உறுதியான இரும்புத் தாங்கிகளை வைக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுப்பது பெருந்தவறு. எச்சரிக்கை எதுவுமின்றிச் செங்கல் பிளந்துவிடும். 1,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை நம் தலைக்குமேல் நிற்கிறது என்பதை ஒரு கணமும் மறத்தல் ஆகாது.

தாங்கிகள் நிலைபெற்றபின், ஜாக்கியைப் பின்னச்சின் அடியில் வைத்து, வில்லின்மேல் பாரமோ இழுப்போ இல்லாதவாறு அச்சை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும். துருப்பிடித்த நட்டுகளில் முந்திய நாளே துரு நீக்கும் எண்ணெயை இட்டு வைத்தால் அவை எளிதில் இளகும். சாக்கிளைக் கழற்றி, பழைய ரப்பரை நீக்கி, துருவைச் சுரண்டித் துடைத்துப் புதிய ரப்பரைச் செருக வேண்டும். இறுக்கமாக இருந்தால் சோப்பு நீர் தடவலாம். கிரீஸோ என்ஜின் எண்ணெயோ கூடாது. அவை ரப்பரை உப்பச் செய்து கெடுத்துவிடும். ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கமும் மாற்றுவதே முறை.

நட்டுகளை முதலில் அளவாகவே முடுக்க வேண்டும். வண்டியைத் தரையில் இறக்கி, அதன் முழு எடையும் சக்கரங்களில் அமர்ந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். வில் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்குண்டு, அந்நிலையிலேயே என்றும் இருந்து விரைவில் கிழியும். 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் பார்ப்பது நலம்.

உதிரிப் பொருள் கிடைக்குமா என்னும் ஐயம் எழலாம். சென்னை எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகங்களுக்கான கடைகள் பல உள்ளன. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கி நடந்தே அடையலாம். பழைய புஷ்ஷை மாதிரிக்குக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஆனால் ரப்பரை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

இனி, நாம் தொடலாகாத வேலையும் உண்டு. பட்டைகளில் ஒன்று விரிசல் கண்டிருந்தால் கட்டு முழுவதையும் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். இவ்வண்டியின் முன்புறத்தில் பட்டைவில் இல்லை. முறுக்கப்பட்ட நீண்ட எஃகுத் தண்டு ஒன்று ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்குகிறது. முறுக்கில் அடங்கிய ஆற்றல், தவறாகக் கழற்றினால் ஒரு நொடியில் வெளிப்படும். அதனைப் பழகிய கைகளிடம் ஒப்படைப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

இதனை மாணவர்களுக்கு நான் கூறுவதன் நோக்கம் உங்களை மெக்கானிக்குகளாக்குவதன்று. ஹூக்கின் விதியை எழுதி மதிப்பெண் பெறுவது ஒரு கல்வி. அவ்விதி ஒரு வண்டியின் அடியில் வேலை செய்வதைக் கண்டு, அதற்கேற்பத் தன் கையை நடத்துவதும் கல்வியே. மூத்தவர் ஒருவர் உடனிருக்க, ஒரு விடுமுறை நாளில் அந்த இரண்டாம் கல்வியையும் தொடங்கிப் பாருங்கள். எந்த நட்டை எப்போது இறுக்குவது என்பதோடு, எந்த வேலையைப் பிறரிடம் விடுவது என்பதையும் அது உங்களுக்குக் கற்பிக்கும்.