அடைப்புக்குறிக்குள் இருப்பது

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை நாடகப் பாடத்தை உரக்கப் படிக்கிறது. “ராஜா, கோபமாக, யாரங்கே!” எல்லாம் ஒரே மூச்சில்!

முதலில் இருப்பது பேசுகிறவர் பெயர். அதைப் படிக்க வேண்டாம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் ‘கோபமாக’ என்பதையும் படிக்க வேண்டாம். அதைச் செய்து காட்ட வேண்டும்.

அம்மா “இங்கே வா” என்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு குரல். பால் கொட்டிக் கிடந்தால் வேறு குரல். அந்தக் குரலைத்தான் அடைப்புக்குறி சொல்கிறது.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேஷம் கொடுங்கள். எழுந்து நின்று பேசட்டும். கேள்வி பதிலெல்லாம் அப்புறம். ராஜாவுக்கு ஏன் கோபம் என்று அவர்களே சண்டை போடுவார்கள்.

நம் ஊர் ஜே.பி. நகரில், 2004-இல் தொடங்கிய ரங்க சங்கரா நாடக அரங்கில் குழந்தைகளுக்கென்றே நாடகம் போடுகிறார்கள். ஒருமுறை கூட்டிப்போங்கள். கன்னடமானால் என்ன, பெங்களூர்ப் பிள்ளைகள்தானே!