முதலில் நாள் கேளுங்கள்



ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம். அங்கே தூபகுண்டா என்று ஒரு கிராமம். 1992-ல் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் கூடிப் பேசினார்கள். ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது.

அந்தப் பெண்கள் கேட்டது ஒன்றுதான். கூடி நின்று கேட்டார்கள்.

மனுக் கொடுக்கப் போனால் ஒருநாள் கூலி போகும். போன இடத்தில் "ஐயா இல்லை" என்றால் என்ன செய்வது? ஆகவே, முதலில் நாள் கேளுங்கள். நாடாளுமன்றம் கூடும்போது எம்.பி. டெல்லிக்குப் போய்விடுவார். சட்டசபை கூடும்போது எம்.எல்.ஏ. தலைநகருக்குப் போய்விடுவார். கூட்டம் இல்லாத நாளில் தேதி வாங்குங்கள். கலெக்டர் மனு வாங்கும் நாளையும் விசாரியுங்கள்.

ஐந்து பேராகப் போங்கள். ஒருவர் பேசட்டும். மனுவில் ஒரே கோரிக்கை இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "பதில் எப்போது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மறுபடி போங்கள்.

பதில் இல்லையா? 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எங்கள் மனு என்ன ஆயிற்று?" என்று எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கற்ற எழுத்து இதற்கும் உதவும்.