மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் அரச சட்டவாதி



யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1820 இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த ஊரில் தங்கி நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். படித்த படிப்பை ஊருக்குக் கொடுப்பது எப்படி என்பதை இருநூறு வருடங்களாகப் பார்த்துவரும் மண் இது. அதனால்தான், இந்தப் பட்டமளிப்பு நாளில் என் தொழிலைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைக்கிறேன். நான் அரசுக்காக நீதிமன்றத்தில் தோன்றும் சட்டவாதி. மின்சாரம், எரிபொருள் சார்ந்த சட்டங்களும் அவற்றின் ஒழுங்குமுறையும் என் வேலை.

அரச சட்டவாதி என்றதும் கொலை வழக்கும் கொள்ளை வழக்கும்தான் பலருக்கு நினைவு வரும். அது எங்கள் பணியின் ஒரு பக்கம். மற்றப் பக்கம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் மின்மானியோடு சம்பந்தப்பட்டது. ஒரு மின்நிலையம் எழும்ப வேண்டுமானால் அதற்குக் காணி வேண்டும். சுற்றாடல் அனுமதி வேண்டும். 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வந்த பிறகு உற்பத்தி உரிமம் வேண்டும். மின்சாரத்தை என்ன விலைக்கு, எத்தனை வருடத்துக்கு வாங்குவது என்ற ஒப்பந்தம் வேண்டும். இந்தத் தாள்கள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சட்டத்தரணியின் ஆலோசனை இருக்கிறது. அந்த ஆலோசனை சரியாக இருந்தால் யாருக்கும் அது தெரியவராது. பிழைத்துப் போனால் ஒரு பிரதேசமே அதைச் சுமக்கும்.

அப்படிச் சுமந்த பிரதேசம் இங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை. சண்டிலிப்பாயைத் தாண்டிக் கிழக்கே போனால் சுன்னாகம்.

சுன்னாகத்துக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே இருக்கும் பெற்றோரில் பலர் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். போர்க்காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுந்துபோய்க் கிடந்தது. மண்ணெண்ணெய்கூடச் சொட்டுக் கணக்கில்தான் கிடைத்தது. 2013 இல்தான் கிளிநொச்சி ஊடாக வந்த உயரழுத்த மின்மார்க்கம் சுன்னாகத்தைத் தேசிய வலையமைப்போடு மீண்டும் இணைத்தது. அதுவரை இங்கே எரிந்த ஒவ்வொரு மின்விளக்கும் எண்ணெயில் ஓடிய இயந்திரங்களின் தயவில் எரிந்தது. ஆகவே மின்சாரம் கேட்ட மக்களில் எந்தப் பிழையும் இல்லை. மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று நினைத்த அரசிலும் பிழை இல்லை. எப்படிக் கொடுப்பது என்ற இடத்தில்தான் பிழை நடந்தது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. நமக்கு இருப்பது சுண்ணக்கல்லும் அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரும்தான். கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கும் அந்த நன்னீரை நம்பித்தான் வலிகாமத்தில் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைகின்றன. நிலத்தில் எதை ஊற்றினாலும் சுண்ணக்கல் அதைத் தடுத்து வைக்காது, கீழே விட்டுவிடும். ஓரிடத்தில் இறங்கிய அழுக்கு அடுத்த குறிச்சிக் கிணற்றில் போய் நிற்கும். நம்முடைய பாட்டன், பூட்டன் எல்லோரும் அறிந்து வைத்திருந்த விஷயம் இது.

இப்படிப்பட்ட நிலத்தில், சுன்னாகத்தில், நொதர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் எண்ணெயில் இயங்கும் மின்நிலையத்தை நடத்தி, உற்பத்தியான மின்சாரத்தை இலங்கை மின்சார சபைக்கு விற்றது. காலப்போக்கில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் இல்லாமல் மக்கள் பவுசர் வரும்வரை வாளிகளோடு வீதியில் நின்றார்கள். வீதிக்கு வந்து போராடினார்கள். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015 இன் தொடக்கத்தில் மின்நிலையத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டு ரவீந்திர காரியவசம் என்ற சுற்றாடல் ஆர்வலர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். வழக்கு இலக்கம் 141/2015. தெற்கைச் சேர்ந்த ஒருவர் வலிகாமத்துக் கிணறுகளுக்காக வழக்காடினார் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. 2019 ஏப்ரல் 4 ஆம் தேதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நீதிமன்றம் நிலைநாட்டி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி அந்த நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. கண்காணித்திருக்க வேண்டிய அரச அமைப்புகள் தங்கள் கடமையில் தவறியதையும் அது சுட்டிக்காட்டியது.

சட்டம் படித்த பிள்ளைகளே, அந்தத் தீர்ப்பை நீங்கள் கொண்டாட வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். 2 கோடி ரூபாயைப் பிரித்துக் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வரும்? நிலத்துக்கு அடியில் இறங்கிய எண்ணெயை எந்தக் கட்டளை மேலே கொண்டுவரும்? நீதிமன்றம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது நடந்து முடிந்த பிறகுதான் வரும். நடக்குமுன் நிற்க வேண்டியவர் அரச சட்டவாதி. நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்: அரசின் சட்டத்தரணியுடைய பெரிய வெற்றி நீதிமன்றத்தில் கிடைப்பதல்ல. உரிமத்தின் நிபந்தனையில், ஒப்பந்தத்தின் வாசகத்தில், அமைச்சுக்கு எழுதும் ஆலோசனைக் கடிதத்தில் கிடைப்பது.

சட்டம் இதற்கான கருவிகளை எப்போதோ கொடுத்துவிட்டது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் வந்தன. ஓரிடத்தில் 25 மெகாவாற்றுக்கு மேற்பட்ட அனல் மின்நிலையம் கட்டுவதானால் அனுமதிக்கு முன் மதிப்பீடு வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கிறது. கழிவு எண்ணெயை எங்கே தேக்குவது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கிணற்றுநீரைச் சோதிப்பது, சோதனை முடிவை யாருக்கு அனுப்புவது என்று உரிமத்தில் எழுத முடியும். எழுதியதை நிறைவேற்றாவிட்டால் உரிமத்தை நிறுத்த முடியும். இந்த நிபந்தனைகளை எழுதும் கை யாருடையது? நாளைக்கு அது உங்களில் ஒருவருடைய கையாக இருக்கலாம்.

"அரசுக்காகத்தானே நீங்கள் தோன்றுகிறீர்கள், பிறகு எப்படி மக்களுக்காக நிற்பீர்கள்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு அரசியலமைப்பே பதில் சொல்கிறது. 77 ஆம் உறுப்புரை, ஒவ்வொரு சட்டமூலத்தையும் அரசியலமைப்புக்கு முரணானதா என்று பார்க்கும் கடமையை எங்கள் தலைவரான சட்டமா அதிபருக்குக் கொடுக்கிறது. 134 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை வழக்குகளில் அவருக்கு அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறது. ஓர் அமைச்சரின் விருப்பத்தைக் காப்பாற்றுவதற்காக இந்த இடம் கொடுக்கப்படவில்லை. அமைச்சர்கள் மாறுவார்கள், அரசாங்கங்கள் மாறும், அரசு என்ற பொது உடைமை மாறாது. ஓர் அரச திணைக்களம் செய்தது சட்டத்துக்குப் புறம்பானது என்றால் அதைத் திணைக்களத்துக்குச் சொல்வதுதான் அந்தத் திணைக்களத்துக்கு நாங்கள் செய்யும் விசுவாசமான சேவை. அதையும் வாயால் சொன்னால் போதாது. கோப்பில் எழுதிக் கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டும்.

சுன்னாகத்தின் பாடம் பழைய கதை அல்ல. குடாநாட்டைச் சுற்றி இன்று காற்றும் வெயிலும் எரிசக்தியாக மாறிக்கொண்டிருக்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2021 இல் ஒரு சீன நிறுவனம் தெரிவானது. பிறகு அது கைவிடப்பட்டு, இந்தியாவின் நன்கொடையில் நிறைவேற்ற 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நெடுந்தீவு மீனவருடைய வீட்டு விளக்குக்குப் பின்னால் எத்தனை நாடுகளின் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள்.

மன்னாரிலும் பூநகரியிலும் அதானி குழுமம் கட்டவிருந்த 484 மெகாவாற் காற்றாலைத் திட்டத்தையும் பாருங்கள். ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் வீதம் 20 வருடத்துக்கு வாங்க 2024 இல் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. பறவைகளின் வலசைப் பாதை, கேள்விமனு கோராமை, விலை என்று பல காரணங்கள் காட்டி உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாகின. அதன்பின் வந்த புதிய அரசாங்கம் திட்டத்தை மீளாய்வு செய்வதாகச் சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. காற்றாலை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாட்டுக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் நல்ல திட்டமும் போட்டியில்லாத, மூடிய வழியில் வந்தால் தடுமாறும். திறந்த கேள்விமனு, முழுமையான மதிப்பீடு, மக்கள் கேட்கக்கூடிய இடம் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே வைத்தால் திட்டத்துக்கும் பாதுகாப்பு, நாட்டுக்கும் பாதுகாப்பு.

மக்கள் பேசினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை உருவாக்கியது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியதை இங்கே இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அனுபவித்தது. பம்பு போட்டுத் தோட்டம் இறைப்பவருக்கும், அரிசி ஆலை நடத்துபவருக்கும், தையல் இயந்திரம் வைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கும் அது எவ்வளவு பெரிய அடி என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2024 டிசம்பரில், கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்று மின்சார சபை முன்மொழிந்தது. ஆணைக்குழு மாகாணங்கள்தோறும் மக்களைக் கேட்டது, கணக்கைச் சரிபார்த்தது, 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தது. சுயாதீனமான ஒழுங்குபடுத்துநர் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. அந்தச் சுயாதீனத்தைக் காப்பதும் சட்டத்தரணிகளின் பொறுப்பு.

2024 இல் புதிய மின்சாரச் சட்டமூலம் வந்தபோது உயர் நீதிமன்றம் அதன் பல வாசகங்களைத் திருத்தும்படி சொல்லியது. திருத்தங்களோடு அது 36 ஆம் இலக்கச் சட்டமானது. 1969 இல் உருவான மின்சார சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கும் வேலை அதிலிருந்து தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் மாற்றம் இது. ஆயிரக்கணக்கான உரிமங்களும் ஒப்பந்தங்களும் புதிதாக எழுதப்படப் போகும் காலத்தில் நீங்கள் பட்டம் பெறுகிறீர்கள். இந்தத் துறையைத் தெரிந்த தமிழ்ச் சட்டத்தரணிகள் மிகக் குறைவு. அந்த இடத்துக்கு நீங்கள் வர வேண்டும்.

வருகிறவர்களுக்கு மூத்தவன் என்ற உரிமையில் சில சொற்கள். சட்டத்தோடு கணக்கையும் படியுங்கள். கிலோவாற் மணித்தியாலம் என்றால் என்ன, ஓர் அலகின் செலவு எப்படிக் கூடுகிறது என்று தெரியாதவர் மின்சார ஒப்பந்தத்தை வாசிக்க முடியாது. கோப்பை வாசித்தபின் இடத்தைப் போய்ப் பாருங்கள். வரைபடத்தில் வெறும் காணியாகத் தெரிவது நேரில் ஒருவருடைய கிணற்றடியாக இருக்கும். பொறியியலாளரையும் கமக்காரரையும் ஒரே மரியாதையோடு கேளுங்கள். கிணற்று நீரின் நிறம் மாறியதை முதலில் காண்பவர் கமக்காரர்தான். எழுதுவதைத் தெளிவான தமிழிலும் எழுதுங்கள். தனக்குப் புரியாத அறிவித்தலுக்கு ஒருவர் எப்படி 30 நாளுக்குள் ஆட்சேபனை எழுதுவார்? எல்லாவற்றுக்கும் மேலாக, மேலிடத்துக்குப் பிடிக்காத ஆலோசனையை எழுதும் துணிவை இளமையிலேயே பழகுங்கள். பதவி உயர்ந்த பிறகு பழகலாம் என்று விட்டவர்களுக்கு அது வந்ததில்லை.

சட்டத் துறைக்கு வராதவர்களுக்கும் கடமை இருக்கிறது. ஆசிரியராகப் போகிறவர்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகிறவர்கள் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும் தாளை மக்களுக்கு விளக்குங்கள். வெளிநாடு போகிறவர்கள் அங்கே ஒழுங்குமுறைச் சட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று கற்று, அந்த அறிவை இங்கே அனுப்புங்கள். எல்லோரும் இதையும் நினைவில் வையுங்கள்: அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 126 ஆம் உறுப்புரை சொல்கிறது. விழித்திருக்கும் சமூகத்துக்குத்தான் அந்த ஒரு மாதம் போதும்.

பிள்ளைகளே, வெளிச்சம், தண்ணீர் இரண்டும் நமக்கு வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கும் நிலைக்கு இந்த மண்ணை இனி யாரும் தள்ளக் கூடாது. அதைத் தடுக்கும் அறிவும் அதிகாரமும் இன்று உங்களிடம் வருகின்றன. அரச சேவைக்கு வாருங்கள்; நேர்மையாக எழுதுங்கள்; அஞ்சாமல் கையொப்பமிடுங்கள்.