பழைய வண்டிக்குப் பெரிய எஞ்சின் தேவையா?

(பூந்தமல்லி வட்டார விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



பூந்தமல்லி, திருமழிசை, செம்பரம்பாக்கம் பகுதிகளில் விளையும் கீரையும் காய்கறியும் பூவும் விடியுமுன் கோயம்பேடு சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். நேரம் தவறினால் விலை கிடைக்காது. ஆகவே, சரக்கு வண்டியும் இன்று உழவனின் முக்கியமான சொத்தாகிவிட்டது.

2005-ஆம் ஆண்டில் வெளிவந்த டாடா ஏஸ் வண்டியை நம் மக்கள் 'குட்டியானை' என்றே அழைக்கிறார்கள். முதலில் வந்த அவ்வண்டியின் டீசல் எஞ்சின் 702 சி.சி. அளவும், 2 சிலிண்டரும், ஏறத்தாழ 16 குதிரைத்திறனும் கொண்டது. இத்தகைய வண்டி பழசாகி, மேம்பாலம் ஏறும்போது திணறத் தொடங்கினால், "புதுப்பேட்டையில் பெரிய எஞ்சின் ஒன்று வாங்கி மாட்டிவிடலாமே" என்ற எண்ணம் வருகிறது. பணத்தைச் செலவிடுமுன் சில விவரங்களை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது.

எஞ்சின் மட்டும் பெரிதானால்?

எஞ்சினின் இழுவிசை கிளச், கியர் பெட்டி, கிரவுன் ஆகியவற்றின் வழியாகவே சக்கரத்துக்குப் போகிறது. எடுத்துக்காட்டாக, முதல் கியரில் 4 மடங்கும் கிரவுனில் 5 மடங்கும் பெருகுவதாகக் கொண்டால், எஞ்சினில் 1 பங்கு கூடும் விசை அச்சில் 20 பங்காகக் கூடும். சிறிய எஞ்சினுக்கென்று செய்த கிளச் வழுக்கும், கியர் பல் உடையும், அச்சு முறியும். பழைய ரேடியேட்டரும் புதிய எஞ்சினின் சூட்டைத் தணிக்கப் போதாது.

பிரேக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே பாரத்துடன் 40 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அதை நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. எஞ்சினை மாற்றியவர் பெரும்பாலும் பிரேக்கை மாற்றுவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் தயாரித்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பழைய பெட்ரோல் லாரிகளில் பொருத்தி ஓட்டிய காலம் உண்டு. இன்று அவ்வாறு நம் விருப்பம்போல் செய்ய இயலாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் செய்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். தகுதிச் சான்று பெறுவதிலும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கேட்பதிலும் இடையூறு வரும்.

பழைய எஞ்சின் பயனற்றுப் போயிருந்தால், அதே தயாரிப்பில் அதே வகை எஞ்சினைப் பொருத்தலாம். அதற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே ஒப்புதல் பெற்று, புதிய எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றில் சேர்க்க வேண்டும். எஞ்சின் வாங்கியதற்கான ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

இழுவை ஏன் குறைந்தது?

பல வண்டிகளில் குறை வேறிடத்தில் இருக்கும். கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

1. கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பையும் நாசிலையும் பார்க்கவும். டீசல் ஃபில்டரையும் உரிய காலத்தில் மாற்றவும்.

2. எஞ்சின் வேகமாகச் சுற்றியும் வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால், கிளச் தேய்ந்திருக்கலாம்.

3. சமதளத்தில் கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை விடுவித்து, வெற்று வண்டியைத் தள்ளிப் பாருங்கள். நகர மறுத்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

4. டயரில் காற்று குறைந்தாலும் இழுவை குறையும்.

5. நீலப்புகை வந்து ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கம்ப்ரஷனைச் சோதித்து, தேவையானால் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கவும்.

பாரம் எவ்வளவு?

பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றத்தக்க பாரம். ஓட்டுநர், உதவியாளர் எடையும் இதில் அடங்கும். 750 கிலோ ஏற்றும் வண்டியில் இருவர் எடை 130 கிலோ என்றால், சரக்குக்கு 620 கிலோதான் மீதி. 25 கிலோ எடையுள்ள தக்காளிப் பெட்டி 24 ஏற்றலாம். 40 பெட்டி ஏற்றிவிட்டு எஞ்சினைக் குறை சொல்வது முறையன்று. எஞ்சினைப் பெரிதாக்கினாலும் ஏற்றத்தக்க பாரம் கூடாது. சட்டமும் சட்டகமும் அதை ஏற்காது.

விளைச்சல் பெருகி வண்டி போதவில்லையானால், பக்கத்து நிலத்தார் இருவர் மூவருடன் சேர்ந்து பெரிய வண்டியை வாடகைக்கு அமர்த்துங்கள். அல்லது பழையதை விற்றுவிட்டுத் தகுந்த வண்டியை வாங்குங்கள். எஞ்சின் விலை, கூலி, உடையப்போகும் கியர் பெட்டி, வேலை கெடும் நாட்கள் ஆகிய எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். நாளை காலை வண்டியை எடுக்குமுன் ஏர் ஃபில்டரை ஒருமுறை கழற்றிப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.