விஞ்ஞானச் சட்டை போட்ட பேய்
(அம்பத்தூர் கூட்டத்தில் பேசியது)



2010-ல் ஷங்கர் எடுத்த "எந்திரன்" படத்தை மூன்று தடவை பார்த்தவன் நான். அதற்கு வெட்கப்படவில்லை. வரத்தாலும் மந்திரத்தாலும் பறக்கிறவர்களையே பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு, மனித அறிவால் செய்த சிட்டியைக் காட்டினார்கள். அது கெட்டுப்போனதற்குக் காரணம் சாபமா, விதியா? இல்லை, ஒருவன் கெட்ட எண்ணத்துடன் வைத்த சில்லு.

ஆகையால் 2018 நவம்பர் 29-ல் "2.0" வந்ததும் மகனையும் அழைத்துக்கொண்டு ஓடினேன். கண்டதென்ன? செல்போன் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொண்ட பக்ஷிராஜன், செத்த பிறகு வந்து பழி வாங்குகிறார்! பேய் என்றால் சிரிப்பார்களென்று "ஆரா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூசாரி வேப்பிலையால் ஓட்டுவதை விஞ்ஞானி கருவியால் ஓட்டுகிறார். இவ்வளவுதானே வித்தியாசம்?

பறவைகளைக் காக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மரமும் ஏரியும் குறைந்தால் பறவை எங்கே போகுமென்று அம்பத்தூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கோபுரத்தின் கதிர்தான் கொன்றது என்பதற்கு ருஜு எங்கே? செல்போன் கம்பெனிகளின் சங்கம் ஆக்ஷேபித்தது லாபத்துக்காகவே என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் மட்டும் ருஜு வந்துவிடுமா?

திரும்பும்போது மகன் கேட்டான்: "அப்பா! பேய் இருப்பதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டதா?" தோழர்களே! அதுதான் எனக்கு வலித்தது. பேயைப் பேயென்றே காட்டும் படத்தைப் பையன் சிரித்துவிட்டு மறப்பான். விஞ்ஞானச் சட்டை போட்ட பேயையோ பாடமென்று நம்புவான்.

கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் வாலிபர்களே! காசு கொடுத்தவர்கள் நீங்கள், கேள்வியும் கேளுங்கள்.